வழுக்காத கால்

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. பார்வை எப்போதும் கீழே, எதிரே நிற்பவரின் காலில்தான் இருக்கும். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நான் மிஸியாக வந்து சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. அங்கே தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டுக்காயத்துக்கு மருந்து கட்ட வந்த மனுஷர் கையை என்னிடம் நீட்டிவிட்டு, என் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டி முடித்ததும், "மிஸி, ஒங்களுக்கு எடது காலு கொஞ்சம் நீளம்" என்றார். அட கிறுக்கு மனுஷா என்று மனசுக்குள் திட்டினேன். அன்று மாலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். உண்மைதான் போலிருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

இன்னொரு முறை பதுளைக்குப் போய்ப் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டோர்ப் பக்கம் போனேன். தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் ஸ்டோர் என்று பெயர். அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கும் பாஸ் அவர்; கைவேலைக்காரரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து உருட்டும் ரோலருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர் என் காலைப் பார்த்துவிட்டு, "யாரு, புதுசா வந்த டீச்சரா?" என்று கேட்டார்.

"நான்தான் பாஸ், மிஸி."

"செருப்ப மாத்துனா சொல்லிட்டு மாத்துங்க."

சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதாகவும் தெரியவில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. முகத்துக்கு நேரே பாஸ், முதுகுக்குப் பின்னால் பூச்சி பாஸ். நடந்து போகிற வழியில் ஒரு எறும்பு எதையாவது இழுத்துக்கொண்டு போனால் போதும், அங்கேயே குந்திவிடுவார். ரோலர் நின்று போய், தோட்டத்து மேனேஜரான துரை ஆள் மேல் ஆள் அனுப்பித் தேடிக்கொண்டிருக்கும்போது, இவர் ஏதாவது பள்ளத்தில் நத்தை ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டிவரப் போனவனிடம், "இரு, அது திரும்புது" என்பார். மனைவியோடு நாலு வார்த்தை பேச நேரமில்லாத மனுஷருக்கு நத்தை திரும்பும்வரை நேரம் இருந்தது.

கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருப்பார். "மனுசன் யோசிச்சுச் செய்வான் மிஸி, யோசனை தப்பும். இதுங்க யோசிக்கல. செத்துச் செத்துக் கத்துக்கிட்டதுங்க. தப்பாச் செஞ்சதெல்லாம் செத்துப்போச்சு, சரியாச் செஞ்சது மட்டும் நம்ம முன்னுக்கு நடக்குது. இத விட்டுட்டு நான் எதப் பாத்துச் செய்றது?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு கர்வம் இருக்கும். அடக்கமான மனுஷர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தனக்குத் தெரிந்தது தோட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அந்தக் கர்வத்துக்குக் காரணமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை ஒவ்வொரு ஆடியிலும் கழன்று பறக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் ஊவாப் பக்கத்தில் பழமொழி இல்லை, நடக்கிற சங்கதி. ஒவ்வொரு முறையும் இன்னும் தடித்த கம்பி போட்டு இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள், அதுவும் அறும். இவர் தான் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் படர்ந்திருந்த பூசணிக்கொடியைக் காற்றடிக்கும் நாட்களில் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடி வேலியைப் பிடித்திருக்கும் நூல் போன்ற சுருள் காற்றுக்கு நீள்கிறது, காற்று விட்டதும் சுருங்குகிறது, அறுவதில்லை. கம்பிகளை அதே மாதிரிச் சுருட்டி, கூரையின் மூலைகளைத் தரையோடு பிணைத்தார். அந்த ஆடியில் கூரை பிசாசு பிடித்த மாதிரி எழும்பி எழும்பி அடித்தது. பிள்ளைகள் வீரிட்டு அழுதார்கள், ஆயாம்மா அவரைச் சபித்தாள். ஆனால் கூரை போகவில்லை. அதே காற்றில் துரை பங்களாவின் ஓடுகள் போயின. சொல்லவா வேண்டும், அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை.

அடுத்தது கறையான் புற்று. வெளியே வெயில் எப்படி அடித்தாலும் புற்றுக்குள்ளே சூடு ஏறுவதில்லை, உள்ளே காற்று தானாக ஓடுகிறது என்று கண்டுபிடித்து, கொழுந்து வாட்டும் மாடிக்குச் செங்கல்லும் களிமண்ணும் வைத்துப் பக்கத்தில் துளைகள் விட்ட ஒரு கூண்டு கட்டினார். கொஞ்ச நாள் காற்று அருமையாக ஓடியது. பிறகு காற்று திசை மாறியது. கீழே அடுப்பின் புகை முழுவதும் கூண்டு வழியாக மாடிக்கு ஏறி, வாடப்போட்ட கொழுந்தெல்லாம் கருவாட்டுப் பானை மாதிரி நாறியது. துரை ஆடிய ஆட்டத்தைப் பார்க்கவேண்டுமே! இவரோ அசையாமல் நின்று துரையின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராகப் புற்றடிக்குப் போய்க் குந்தினார். மறுநாள் என்னிடம் வந்து, ஏதோ பெரிய உண்மையைச் சொல்வது போல, "புத்துக்குள்ள யாரும் அடுப்பு எரிக்கலியே மிஸி. அத மறந்துட்டேன்" என்றார்.

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் கசக்கிறது.

கொழுந்து பறிக்கும் பாக்கியத்துக்குக் கால் போனது ஒரு மழைநாளில். கொழுந்து நிறுக்கும் இடத்தில் லொறியைப் பின்னால் எடுத்தார்கள். சேற்றில் அவளால் விலக முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், முதல் தீபாவளிக்கு மட்டும் வந்தவன். மகள் சாந்தி டவுன் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த லயத்திலேயே அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவள்தான்.

தோட்டத்து வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்துக் காம்பரா, அதாவது குடியிருக்கும் அறை, கையில் நிலைக்கும். பாக்கியம் மலைக்குப் போகாவிட்டால், ஒன்று காம்பராவை விட வேண்டும், அல்லது சாந்தி பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டும். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டான். ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் இருந்தன. ஆனால் அவை எல்லாம் யாராவது ஒருவரின் மச்சினிக்கும் மருமகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன.

"சாந்தி பேரு பதிய மாட்டா மிஸி" என்றாள் பாக்கியம், நான் தையலைப் பார்க்கப் போனபோது. "நான் ஊர்ந்துகிட்டாவது மலைக்குப் போவேன். அவ புஸ்தகத்த எவனாவது தொடட்டும் பாப்போம்."

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பொய்க்கால் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாத கால், தார் ரோட்டில் நடக்கிறவர்களுக்கு. எங்கள் மலையில் ஆள் நிற்பதே சரிவில். அந்தத் தட்டைப் பாதம் ஈர மண்ணில் சோப்புக்கட்டியாக வழுக்கியது. முதல் நாளே அவள் மழைநீர்க் கானுக்குள் உருண்டாள். கூடை ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். பெண்கள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். மேல் ரோட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நம் பாஸ் நின்றிருந்தார். தூக்க வரவில்லை. வழுக்கிய தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் பாக்கியத்தின் வாசலில் போய் நின்று, "புள்ள, அந்தக் காலக் கழட்டு. அறுத்த எடத்தப் பாக்கணும்" என்று கேட்டிருக்கிறார். லயம் முழுக்கக் கொதித்துவிட்டது. பொம்பிளையிடம் வந்து காலைக் காட்டு என்று கேட்கிறானாமே! பாக்கியத்தின் தம்பி தேயிலைச்செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு கிளம்பிவிட்டான். கடைசியில் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். நான் போய் நடுவில் உட்கார்ந்த பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள். அவர் காலைத் தொடவில்லை. பொய்க்காலை மட்டும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத செஞ்சவன் மலையப் பாத்ததில்ல" என்றார். பிறகு வாசலுக்கு வெளியே கையைக் காட்டி, "ஒன் ஆடு நிக்குது பாரு, அது வழுக்குதா?" என்று கேட்டார்.

அது பாக்கியத்தின் நேர்த்திக்கடன் ஆடு. உயிரோடு வீடு வந்தால் கிடாய் வெட்டுகிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டாள். அவள் தம்பி பசறைப் பக்கமிருந்து ஒரு கிடாய்க்குட்டி கொண்டுவந்து அவிழ்த்துவிட்டான். சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டை யாரும் கட்டவோ விரட்டவோ மாட்டார்கள். அது பாட்டுக்கு மலை மலையாகத் திரியும், கிடைத்ததைத் தின்னும், திருவிழா வரும்வரை அதற்கு ராஜ வாழ்க்கை. கணக்கப்பிள்ளையும் அதே தவணையைத்தான் பாக்கியத்துக்குக் கொடுத்திருந்தான். திருவிழாவரை நாற்று மேடையில் அரைப்பேருக்கு, அதாவது பாதிநாள் கூலிக்கு, உட்கார்ந்து வேலை செய்யலாம், அதற்குப் பிறகு மலை. ஏற முடியாவிட்டால் மகள் பேர்.

பாஸ் அந்த ஆட்டின் பின்னால் அலைய ஆரம்பித்தார். வேலை விட்டதும் நேராக அதைத் தேடிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் பின்னால்தான். ஆடு பாறையில் ஏறினால் இவர் கீழே படுத்துக்கொண்டு பார்ப்பார். "என்ன பாஸ், ஆட்டுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா?" என்று கொழுந்துப் பெண்கள் கேலி செய்வார்கள். "ஏறும்போது ரெண்டு வெரலும் விரியுது, பாத்தீங்களா?" என்று அவர்களிடமே கேட்பார். கேலி செய்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

திருவிழா அன்று கிடாய் விழுந்ததும் இவர் பூசாரி முன்னால் போய் நின்று, முன்னங்கால் ஒன்று வேண்டும் என்றார்.

"சாமிக்கு விட்டதுய்யா. கால வச்சு என்ன செய்யப்போற?"

"பிரிச்சுப் பாக்கப்போறேன்."

பூசாரிக்கு முகம் கறுத்துப்போனது. தாங்குகட்டையில் நின்ற பாக்கியம் கூட்டத்துக்கு நடுவே குரல் கொடுத்தாள். "ஆடு என்னுது. அந்தக் கால பாஸ் அண்ணனுக்கு குடுங்க." பூசாரி கொடுத்தான். கொடுக்கும்போது, "இது ஆகாது தாயி, நான் சொல்லிட்டேன்" என்றான்.

அந்தக் காலைத் தன் வீட்டு அடுப்பில் வேகவைத்து, எலும்பு வேறு குளம்பு வேறாகப் பிரித்துச் சாக்கில் பரப்பி வைத்தார். நாற்றம் தாங்காமல் மனைவி ஹாலிஎலவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போனதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குளம்பின் வெளி ஓரம் கெட்டி, அது மண்ணைக் கடிக்கும். உள்ளே மெத்து, அது கல்லோடு ஒட்டும். நடுவே பிளவு, மிதித்ததும் இரண்டாக விரிந்து ஆப்பு மாதிரிப் பிடிக்கும். பின்னால் கொஞ்சம் மேலே இரண்டு சின்னக் குமிழ்கள், இறங்கும்போது வழுக்கினால் அவை ஊன்றிக்கொள்ளும். "எத்தனை ஆடு பள்ளத்துல விழுந்து செத்த பொறகு இந்தக் குமிழ் வந்திருக்கும்னு நெனைக்கிறீங்க மிஸி?" என்று கேட்டார். அப்போதும் என் காலைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது.

கொய்யாக் கட்டையில் இரண்டு விரல்கள் செதுக்கினார். உள்மெத்துக்கு லொறி டயரை வெட்டி ஒட்டினார். பின்குமிழ்களுக்கு டயரையே தடிப்பாக வைத்து ஆணி அடித்தார். பிறகு பாக்கியத்தின் பொய்க்காலை வாங்கி, ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பாதத்தை ரம்பத்தால் அறுத்துப் போட்டார். நான் அறுந்த பாதத்தைப் பொறுக்கி எடுத்தேன்.

"ஆஸ்பத்திரில கேட்டா என்ன பாஸ் சொல்றது?"

"ஆடு தின்னுருச்சின்னு சொல்லுங்க."

மாட்டிக்கொண்டு எழுந்த பாக்கியம் குனிந்து பார்த்து, "இது எந்த லொறி டயரு அண்ணே?" என்று கேட்டாள்.

"அதே லொறிதான்."

அவள் அந்தக் காலைத் தரையில் ஒருமுறை ஊன்றிப் பார்த்தாள். பிறகு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். சாந்தியும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்று அவள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் ஏறினாள். கீழே ஒரு கால், மேலே ஒரு கால் வைத்து நின்று, கையை விட்டுக் காட்டினாள். "மிஸி, பாருங்க! நிக்கிறேன் மிஸி!" என்று அவள் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அழுதேன். பாஸ் மட்டும் குனிந்து மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் வழுக்கவே இல்லை. அதுதான் வினையாகப் போனது.

தோட்டத்தில் மேமலை என்று ஒரு மலை உண்டு. சுவர் மாதிரிச் செங்குத்து. யாரும் விரும்பிப் போகமாட்டார்கள், ஆள் அனுப்புவதற்குள் கணக்கப்பிள்ளைக்குத் தொண்டை வற்றிவிடும். காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது அவன் கண்ணில் இவள் பட்டாள். "ஆட்டுக்காலிக்கு என்ன கொறச்சல், அவ மேமலைக்குப் போகட்டும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியமும் சிரித்துக்கொண்டே போனாள். இரண்டு கால் உள்ளவர்கள் தடுமாறும் இடத்தில் அவள் ஊன்றி நின்று பறித்தாள். முழுப்பேர் போட்டாள். அதற்கு மேலும் பறித்தாள். அதற்கப்புறம் பெரட்டில் யோசிக்கவே இல்லை, தினமும் மேமலை அவளுக்குத்தான்.

அவளுக்கு அதில் பெருமைதான், மறுக்க முடியாது. நொண்டி என்று பார்த்த கண்கள் எல்லாம் இப்போது அண்ணாந்து பார்த்தன. சாந்தி பரீட்சைக்குப் படித்தாள். லயத்தில் விளக்கு எரிந்தது. என்ன குறை?

அறுத்த இடத்தைக் காட்டு என்று நான் கேட்காத கிழமை கிடையாது. "நல்லாருக்கு மிஸி, நாளைக்கு வாறேன் மிஸி." வரமாட்டாள். வீட்டுக்குப் போனால் வாரைக் கழற்றமாட்டாள். ஒருநாள் வலுக்கட்டாயமாகக் கையை வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்தா எழுதணும். எழுதுனா என்னய மலையவிட்டு எறக்கிருவாங்க. பாக்காம இருந்துருங்க மிஸி, பரீட்ச முடியட்டும்" என்றாள். நான் திட்டாத திட்டில்லை. அவளுக்குப் பிடிவாதம் என்றால் அப்படிப் பிடிவாதம். சந்தனமும் மஞ்சளும் குழைத்துப் பூசிக்கொண்டு, அதற்கு மேல் காலை மாட்டிக்கொண்டு போனாள்.

சந்தன வாசனையை மீறி வேறு வாசனை வந்த நாள் நானும் அவள் தம்பியும் சேர்ந்து பிடித்துக் கழற்றினோம். பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. எலும்பு தெரிந்தது என்று மட்டும் சொல்கிறேன். கொழுந்து லொறியிலேயே ஏற்றிப் பதுளைக்குக் கொண்டு ஓடினோம். முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் காய்ச்சல் ரத்தத்தில் ஏறியிருந்தது. அவள் திரும்பி வரவில்லை.

முனியாண்டி தன் ஆட்டுக்காலைக் கேட்டுவிட்டான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. பூசாரி, நான் அப்பவே சொன்னேன் என்று ஒவ்வொரு லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில், "முனியாண்டி இல்லைய்யா, சீழ்! மேமலைக்கு அனுப்பினது முனியாண்டியா?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டேன். கணக்கப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றான். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனான்.

சாவு வீட்டில் தப்புச் சத்தம் காதைப் பிளந்தது. பாஸ் வந்தார். எல்லாரும் தலைமாட்டில் நின்று அழுதபோது இவர் கால்மாட்டில் போய் நின்றார். வெள்ளைத்துணி ஒரு பக்கம் பள்ளமாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, "காலு எங்க?" என்று கேட்டார்.

தப்புச் சத்தத்திலும் அது எல்லாருக்கும் கேட்டது. பாக்கியத்தின் தம்பி பாய்ந்து சட்டையைப் பிடித்தான். நாலு பேர் இழுத்து விலக்கினார்கள். இவர் திமிறவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சாந்திதான் உள்ளே போய், சாக்கில் சுற்றி வைத்திருந்த காலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதை லயத்துப் பீலிக்கு எடுத்துப்போய் விழும் தண்ணீரில் பிடித்தார். பின்னாலேயே போனேன். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். குளம்புப் பிளவுக்குள் இருந்து பொடிக்கல் பொலபொலவென்று விழுந்தது. கழுவிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"முன்னுக்குத் தேயல மிஸி. பின்னால பாருங்க."

முன்விரல்கள் புதிதாகச் செதுக்கியது போலவே இருந்தன. பின்னால் வைத்த குமிழ்கள் இரண்டும் தேய்ந்து ஆணித்தலை வெளியே வந்திருந்தது. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. முதுகில் நிறைந்த கூடையோடு, நிறுவைக்கு நேரமாகிறது என்று நேர்ச்சரிவில் இறங்கும்போதுதான் எல்லாம் ஆகியிருக்கிறது. ஆடு இறங்கும்போது வளைந்து வளைந்து, நினைத்த இடத்தில் நின்று இறங்கும். அதற்கு நிறுவை இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை, முதுகில் கூடை இல்லை. இவள் இறங்கிய ஒவ்வொரு எட்டிலும் கால் மண்ணைக் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறது. கூடையின் பாரம் நிற்கவில்லை. வழுக்காத காலுக்குள்ளே அவள் வழுக்கியிருக்கிறாள், தினமும், தோல் உரிய உரிய.

"ஆட்டு முதுகுல கூடை இல்லியே மிஸி" என்றார். புற்றுக்குள் அடுப்பு இல்லை என்று சொன்ன அதே குரல்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "செத்துச் செத்துக் கத்துக்கிட்டதுன்னு சொல்வீங்களே பாஸ், இப்ப செத்தாச்சு. யார் கத்துக்கிட்டது? சொல்லுங்க!" என்று கத்தினேன். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தோடு நின்றுவிட்டார்கள். அவர் காலைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாந்தி பரீட்சை எழுதவில்லை. காரியம் முடிந்த கையோடு அவளைப் பேர் பதிந்துகொண்டார்கள். காம்பரா நிலைத்தது. பாக்கியத்தின் கூடையையே அவளுக்குக் கொடுத்தார்கள், தலைக்கயிற்றை மட்டும் புதிதாக மாற்றி.

பாஸ் அதற்குப் பிறகு ரோலரைப் பழுது பார்த்தார், பெல்ட் மாற்றினார், எண்ணெய் போட்டார். வழியில் எதற்காகவும் குந்தவில்லை. எறும்பு இழுத்துக்கொண்டு போனதைத் தாண்டிப் போனார். பூச்சி பாஸ் என்ற பட்டம்கூட மெல்ல மறந்துபோனது. அவரைக் கேலி செய்ய ஆள் இல்லாமல் போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷரைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு அவர் வேலையைவிட்டு ஹாலிஎலவில் மகன் வீட்டில் வந்து இருந்தார். எனக்கும் அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் கிடைத்திருந்தது. மருமகளுக்கு மருந்து கொடுக்கப் போனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "வாங்க மிஸி" என்பார், என் காலைப் பார்த்தபடி. அது மட்டும் மாறவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் வந்தாள். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பசறையைத் தாண்டி ஏதோ தோட்டம். சர்க்கரை வியாதியில் கால் போனதாம். ஆஸ்பத்திரிக் காலை ஊன்றி, வாசல் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் வழுக்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"பாக்கியம்னு ஒரு அக்காவுக்கு ஆட்டுக்காலு செஞ்சு குடுத்தீங்களாமே அய்யா. எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. எங்க பக்கத்துல சொன்னாங்க, அந்தக் காலு வழுக்கவே வழுக்காதாம்."

பாக்கியம் என்ன ஆனாள் என்பது அந்தப் பேச்சோடு போய்ச் சேரவில்லை. கால் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவர் அவள் காலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

"கூடை தூக்குவியா தாயி?"

"தூக்காம? பேரு போடணுமே அய்யா. வீட்டுல வேற யாருக்கும் பேரு இல்ல."

"அப்பன்னா வேணாம்."

அவள் கெஞ்சினாள். குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். "வேணாம் தாயி. உக்காந்து செய்ற வேல கேளு" என்றார். கேட்டால் கொடுத்துவிடுவார்களா என்ன! அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. "எங்க தேஞ்சதுன்னு இப்பத் தெரியுமே பாஸ். அத மாத்திச் செய்ய முடியாதா? இவ உருண்டு விழுந்தா மட்டும் சாகமாட்டாளா?"

அவர் அவள் இறங்கிய பாதையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்கள் எந்த நிறம் என்பதையே அன்றுதான் நான் பார்த்தேன்.

"அஞ்சாறு மாசம் அந்த ஆட்டுப் பின்னாடி அலைஞ்சேன் மிஸி. அது எப்பிடி மிதிக்கும், எப்பிடித் திரும்பும், எல்லாம் இன்னைக்கும் சொல்வேன். பாக்கியம் கூடையோட எறங்குறத ஒருநாள் நின்னு பாக்கல."

கீழே வளைவில் அந்தப் பெண் மறுபடி வழுக்கி, வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து, சேலையை உதறிவிட்டு, மெல்ல நடந்தாள். பஸ் ரோட்டை அடையும்வரை நாங்கள் இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.